கூரையா, தண்ணீரா, பந்தலா? கடலூர்த் துறைமுகத்தில் சோலார் எங்கே போடலாம்

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தைச் செல்போன் வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் எல்லாமே காலி இடமாகத்தான் தெரியும். சாம்பல் நிறக் கான்கிரீட் தளம், நீளமான ஷீட் கூரைகள், உப்பனாற்றுத் தண்ணீர், முகத்துவாரத்தில் கடலுக்குள் நீளும் கருங்கல் சுவர்கள். எங்கே வேண்டுமானாலும் சோலார் தகட்டை விரித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலை ஏழு மணிக்கு நேரில் போனபோது அதே கான்கிரீட்டில் ஒரு பக்கம் வலை விரிந்து கிடந்தது, இன்னொரு பக்கம் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது, நடுவே ஒரு விசைப்படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். டேப்பைப் பிடித்து அளக்கப் போன என்னைப் பார்த்து, கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கேட்டார்: "இந்த இடம் சும்மா கெடக்குதுன்னு உனக்கு யாரு தம்பி சொன்னது?"

நான் மின் ஒப்பந்த வேலை செய்பவன். சில ஆண்டுகளாக சோலாரும் போட்டுக்கொடுக்கிறேன். முதுநகரில் ஐஸ் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர், அவரோடு பழகும் படகு உரிமையாளர்கள் சிலர் என எல்லோருமாகக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். ஆளுக்கொரு திட்டம் வைத்திருந்தார்கள். கூரையில் போடலாம் என்றார் நண்பர். ஆற்றில் மிதக்கவிடலாம், வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் ஓர் இளைஞர். கருங்கல் சுவர் மேல் வரிசையாக நட்டுவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார் பணி ஓய்வு பெற்ற ஒருவர். வலைக்காரர்கள் கேட்டது பந்தல்.

இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கரண்ட் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் சில்லறைதான். பெரிய பசி ஐஸ் கம்பெனிக்கு. நம் ஊர் வெயிலில் ஒரு டன் பார் ஐஸ் உறைய ஏறத்தாழ 60 முதல் 70 யூனிட் வரை இழுக்கும். நாளுக்கு 20 டன் எடுக்கிற கம்பெனிக்கு 1,300 யூனிட் என்று வையுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. உப்புநீர்த் தொட்டியில் ஐஸ் உறைய முழு நாள் ஆகும், உறைந்த பிறகு அது கிடங்கில் காத்திருக்கும். பகல் வெயிலில் கம்பிரஸரை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு இரவில் கொஞ்சம் தணித்தால், பகல் கரண்ட் ஐஸாக மாறி உட்கார்ந்துகொள்கிறது. லட்சக்கணக்கில் பேட்டரி வாங்காமலே கரண்டைச் சேமித்து வைக்க வழி உள்ள தொழில் இது. அதனால்தான் எங்கே போட்டாலும் ஐஸ் கம்பெனி மீட்டருக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. வயர் நீளமானால் செம்பும் செலவு, இழப்பும் செலவு, உப்புக் காற்றில் பழுதாகும் இணைப்புகளும் கூடுதல்.

சரி, கூரை. ஏலக்கூடமோ குடோனோ, 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 900 சதுர மீட்டர். ஓரங்களை விட்டு, நடந்து கழுவ வழி விட்டு, 550 வாட் தகடு 200 தாராளமாக உட்காரும். 110 கிலோவாட். இங்கே ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் என்று கணக்கிட்டால் 440 யூனிட். அந்த 20 டன் கம்பெனியின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே கூரையிலிருந்து. புதிய நிலம் வேண்டாம், யாருடைய வழியும் மறிக்காது. கூரைக்கு மேலே தகடு வந்தால் கீழே ஷீட்டின் சூடு குறையும், மீன் விற்கிறவர்களுக்கு அது தனி லாபம். சிங்கப்பூரின் ஜூரோங் துறைமுகம் தன் கிடங்குக் கூரைகளிலேயே சுமார் 10 மெகாவாட் போட்டிருக்கிறது. நம் விசாகப்பட்டினம் துறைமுகத்தின் 10 மெகாவாட் தரையில் விரித்தது. அவ்வளவு நிலத்துக்கு முதுநகரில் எங்கே போவது?

கூரையின் சிக்கல் எடை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தகடு ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. 200 தகடும் சட்டங்களும் சேர்ந்தால் எட்டு டன்னை ஒட்டி வரும், ஆனால் அது முழுக் கூரையிலும் பரவி நிற்கிற எடை. ஒழுங்கான இரும்புக் கூரை தாங்கிவிடும். பயப்பட வேண்டியது மேலே இழுக்கும் காற்றுக்கு. கட்டடங்களுக்கான காற்று விதிநூலான ஐ.எஸ். 875 இந்தக் கரைக்கு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கச் சொல்கிறது, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரில் 150 கிலோவுக்கு மேல் அழுத்தம் தரும். தகட்டின் பரப்பு இரண்டரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். 28 கிலோ தகட்டை ஏறத்தாழ 400 கிலோ விசை பிடுங்கப் பார்க்கிறது என்று பொருள். கூரை ஓரத்திலும் மூலையிலும் இன்னும் அதிகம்.

கடலூர்க்காரர்களிடம் இதை விளக்கவே தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்தன. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் பறந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் சோலார் என்ற பேச்சே வேண்டாம். அது ஆள் ஏறினாலே உடையும். முதலில் கூரையை மாற்றுங்கள், பிறகு தகடு. உலோக ஷீட் கூரையாக இருந்தாலும் தகட்டுச் சட்டத்தை ஷீட்டில் திருகினால் போதாது. கீழே ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் இரும்பில் பிடிப்பு இறங்க வேண்டும். அந்தப் பர்லின் உள்பக்கம் எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்பதைச் சுத்தியலால் தட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

துரு என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. கடற்கரையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் போட்ட வேலை. சட்டம் அலுமினியம், போல்ட்டு 'ஸ்டெயின்லெஸ்' என்று சொல்லி விற்றது, சான்றிதழும் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு போய்ப் பார்த்தால் போல்ட்டுத் தலையில் பழுப்பு வழிந்திருந்தது. போல்ட்டு தொட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு வகை உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி, ஒன்று மற்றொன்றைத் தின்னும். அந்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க எனக்கு ஒரு வருடம் கூச்சமாக இருந்தது. இப்போது கடலோர வேலை என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டு, நடுவே நைலான் வாஷர், இரும்பு வந்த இடமெல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு, ஐ.இ.சி. 61701 என்ற உப்புப் பனிச் சோதனையில் தேறிய தகடு. தகட்டுக் கரண்டை நாம் பயன்படுத்தும் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர் வெளிச்சுவரில் தொங்கக் கூடாது, அறைக்குள். ஐஸ் கம்பெனிக் கூரை என்றால் குளிரூட்டப் பயன்படும் அமோனியாவின் கசிவையும் தாங்குமா என்று தகட்டுக்காரரைக் கேட்பது நல்லது, அதற்கும் தனிச் சோதனை உண்டு.

அப்புறம் பறவை. ஊருக்குள் வீட்டு மாடியில் இது பெரிய விஷயமில்லை. மீன் இறங்கும் இடத்தில் காகம், கொக்கு, பருந்து எல்லாம் தகட்டின் மேல்தான் உட்காரும். தூசி மெல்லியதாகப் பரவும், எச்சம் ஒரே இடத்தில் கெட்டியாக நிற்கும். தகட்டில் உள்ள சிறு கட்டங்களில் அந்த ஒரு செல் நிழலில் மாட்டிக்கொண்டு சூடாகி, தகட்டையே கெடுக்கும். மாதத்துக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், துறைமுகத்தில் சுலபமாகக் கிடைக்கிற உப்புத் தண்ணீரில் அல்ல. கழுவுகிற ஆளின் சம்பளத்தையும் தண்ணீரையும் செலவுக் கணக்கில் சேர்க்காத திட்ட அறிக்கையை நான் மடித்து வைத்துவிடுவேன்.

இனி பந்தல். வலை பின்னுகிறவர்கள் வெயிலில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார்கள். இருசக்கர வாகனங்களும் மீன் ஏற்ற வரும் வண்டிகளும் அப்படியே காய்கின்றன. நான்கரை மீட்டர் உயரத்தில் எஃகுத் தூண் நட்டு, மேலே தகட்டையே கூரையாக்கினால் நிழலும் கிடைக்கும், கரண்டும் கிடைக்கும். கொச்சி விமான நிலையத்தில் கார் நிறுத்தும் இடத்தில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். செலவுதான் இடிக்கிறது. இருக்கிற கூரையில் போட இன்று கிலோவாட்டுக்கு 50,000 ரூபாயை ஒட்டி ஆகும் என்றால், பந்தலில் அதோடு எஃகு, அடித்தளக் கான்கிரீட், பூச்சு எல்லாம் சேரும். காற்று அடியிலும் மேலிலும் தடையின்றிப் பாயும், ஆகவே தூணும் அடித்தளமும் கூரையைவிடப் பலமாக வேண்டும். கரண்ட் கணக்கை மட்டும் பார்த்தால் பந்தல் கூரையிடம் தோற்கும். ஆனால் வலைக்கூடம் ஒன்று எப்படியும் கட்டத்தான் போகிறார்கள் என்றால், அந்தக் கூரைச் செலவைக் கழித்துவிட்டுப் பாருங்கள், கணக்கு மாறிவிடும்.

தண்ணீரில் மிதக்கும் சோலாருக்கு மயங்கிய இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். தூத்துக்குடியில் ஸ்பிக் உரத் தொழிற்சாலை வளாகத்தின் நீர்த்தேக்கத்தில் 2022இல் 25.3 மெகாவாட் மிதக்க ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஜொகூர் நீரிணையில், கடல் நீரிலேயே, 2021இல் 5 மெகாவாட் வந்தது. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் நீர்த்தேக்கத்தில் மிதக்கவிடுவதன் பெரிய லாபம், நல்ல தண்ணீர் ஆவியாவது குறையும் என்பது. உப்பனாற்றில் உப்புத் தண்ணீர் ஆவியானால் யாருக்கு என்ன நஷ்டம்? மிதவையின் அடியில் கொட்டலசு ஒட்டும், பாரம் ஏறும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் ஆகாயத்தாமரையையும் மரக்கிளையையும் இழுத்துவரும். நங்கூரக் கயிறுகள் நடுவே படகு போகும் வழி குறுகும். விசைப்படகுக்காரர் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம், ஆற்றில் நண்டும் இறாலும் தேடுகிறவர்களுக்கு அதுதான் வயல்.

காற்றும் இருக்கிறது. ஜப்பானில் யமகுரா அணையின் மிதக்கும் சோலார் 2019 செப்டம்பர்ப் புயலில் சுருட்டி எறியப்பட்டுத் தீப்பிடித்தது. ஓங்காரேஷ்வர் அணையில் 2024 ஏப்ரலில் ஒரு கோடைக் காற்றே தகடுகளைப் புரட்டிவிட்டது. அவை இரண்டும் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் அணைகள். நாம் பேசுவது ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று வந்திறங்கிய கரையைப் பற்றி. கழிமுகம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது, அந்தக் கோப்பு நகர எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பது தனிக் கதை. தண்ணீர் வேண்டாம் என்பது என் முடிவு.

கருங்கல் சுவருக்கு இரண்டு வரி போதும். அலை ஏறி அடிக்கிற இடம், கல் ஆண்டுக்கு ஆண்டு அமிழும், சரியும். மீட்டரிலிருந்து தொலைவு. ஆள் போய்க் கழுவவும் முடியாது.

ஜெட்டி ஓரத்தில் தூண் நட்டு வரிசையாகப் போடலாமே என்றும் கேட்டார்கள். புதுச்சேரி பழைய துறைமுகப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் அழகாக நின்றது, திரைப்படக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். 2022 மார்ச்சில் ஒரு பகுதி கடலில் விழுந்தது. மேலே தெரியும் தளம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அர்த்தமே இல்லை. அலை ஏறி இறங்கும் மட்டத்தில்தான் தூணின் உள்ளிருக்கும் கம்பி அரிக்கும். அடித்தூணைச் சோதிக்காமல் எந்தப் பழைய ஜெட்டியிலும் புதுப் பாரம் ஏற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

படகு மேலேயே போட முடியாதா என்பது நியாயமான கேள்விதான். படகு ஓட்டுகிற அறையான வீல்ஹவுஸின் கூரையில் இரண்டு மூன்று தகடு போட்டால் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ், எல்.இ.டி. விளக்கு எல்லாம் ஓடும், பேட்டரி சார்ஜுக்காக எஞ்சினை ஓட விட வேண்டாம். இதை இன்றே செய்யலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் எஞ்சினே சோலாரில் ஓடும் என்று கனவு காண வேண்டாம். 120 குதிரைத் திறன் என்பது ஏறத்தாழ 90 கிலோவாட், வீல்ஹவுஸ் மேல் இடம் இருப்பது இரண்டு கிலோவாட்டுக்கு. கேரளத்தில் வைக்கம் காயலில் 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' சோலார்ப் படகு, அமைதியான நீரில் மெதுவாக ஆளை ஏற்றிக் கரை மாறுகிற படகு. ஆழ்கடலில் வலை இழுப்பது வேறு வேலை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருவர் சொன்னார்: "எதுக்கு சார் இந்த உப்புல மல்லுக்கட்டணும்? நெய்வேலியில 130 மெகாவாட்டுக்கு மேல போட்டிருக்கானே, அங்கேர்ந்து கரண்ட் வந்தா போதாதா?" இது கேலியாகத் தோன்றினாலும் வலுவான வாதம். உள்நாட்டில் துரு குறைவு, கழுவ ஆள் உண்டு, கிலோவாட்டுக்கு ஆகும் செலவும் குறைவு. நாட்டுக்கு மொத்தமாக எத்தனை யூனிட் என்று கேட்டால் நெய்வேலிதான் ஜெயிக்கும். ஆனால் ஐஸ் கம்பெனிக்காரரின் மாதப் பில் அதனால் குறையாது. தன் கூரையில் பிறக்கும் யூனிட்டைத் தானே செலவழிக்கிறபோதுதான் அவர் மின்வாரியத்துக்குக் கட்டும் முழு விலையும் மிச்சமாகிறது. துறைமுகத்தில் போடுவதற்கு நியாயம் அந்த இடத்துப் பயன்பாடு ஒன்றுதான். பயன்பாட்டுக்கு மேல் ஒரு கிலோவாட் கூட அங்கே வேண்டாம்.

இங்கேதான் மீட்டர் விஷயம் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் உண்டு. தொழில், வணிக இணைப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை, வெளியே போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு வேறு கணக்கு. அது புதுச்சேரி மின்துறை, விதி எழுதுவது யூனியன் பிரதேசங்களுக்கான இணை ஒழுங்குமுறை ஆணையம். முதுநகரில் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனால் தப்பாகிவிடும்.

இதோடு தடைக்காலத்தைச் சேர்த்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வெயில் கொளுத்துகிற அதே நாட்களில் ஐஸ் தேவை படுத்துவிடுகிறது, ஃபைபர் படகுக்காரர்கள் வாங்குவது மட்டும்தான். கூரை முழுக்கத் தகடு போட்டவர் அந்த இரண்டு மாதமும் மலிவு விலைக்கு வெளியே தள்ளுவார். அதனால் நண்பருக்கு 110 கிலோவாட் வேண்டாம், 60 போதும் என்றேன். மீதிக் கூரை அப்படியே இருக்கட்டும், தடைக்காலப் பில்லை ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். விற்க வருகிற யாரும் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். புயல் அடித்து ஊரே இருட்டானால், பேட்டரி இல்லாத சாதாரண சோலாரும் சேர்ந்து அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்கிற ஆளுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வர்ட்டர் தானே நின்றுவிடும், அது பழுது அல்ல. தானேவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது, எதிர்பார்ப்பு இருக்கத்தானே செய்யும். அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனி ஓட வேண்டுமானால் ஜெனரேட்டரோடு ஒத்துப்போகும் கட்டுப்பாட்டுக் கருவி தனியாக வேண்டும். குடிதண்ணீர் மோட்டாருக்கும் வயர்லெஸ் அறைக்கும் மட்டும் ஒரு சின்ன பேட்டரி வைத்தால் போதும் என்று பேசி முடித்திருக்கிறோம்.

ஆக, முதலில் ஐஸ் கம்பெனிக் கூரை, 60 கிலோவாட், பர்லினைத் தட்டிப் பார்த்த பிறகு. இரண்டாவது வலை பின்னும் இடத்தில் பந்தல், கூடம் கட்ட வரும் பணத்தோடு சேர்த்து. படகுத் தகடு அவரவர் விருப்பம். பந்தலை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று மறுபடி அளக்கப் போனபோது கருவாட்டு அம்மா எழுந்தே வந்துவிட்டார். வலைக்காரனுக்கு நிழல் வேண்டும், தனக்கு வெயில் வேண்டும் என்றார். டிசம்பரில் இங்கே நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். நான்கரை மீட்டர் பந்தலின் நிழல் வடக்கே மூன்று மீட்டருக்கு மேல் விழும். அவர் கருவாடு காயப்போடும் தளம் சரியாக அந்த வடக்கில்தான் இருக்கிறது. பந்தலின் இடத்தை அவர் தளத்துக்கு வடக்கே தள்ளி வரைபடத்தைத் திருத்திக் காட்டினேன். "ஆனியில?" என்று கேட்டார். அப்போது நிழல் தெற்கே ஒரு மீட்டர் வரும் என்றேன். ஒன்றரை மீட்டர் விட்டுக் கோடு போடச் சொன்னார், சுண்ணாம்பில் போட்டுவிட்டு வந்தேன்.